தானாகத் தோன்றிய கட்டி: ஆய்வக எலியின் மண்ணீரல் தரும் பாடம்

வயிற்றின் இடப்புறத்தில் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்தவுடன், தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை எனச் சுற்று வட்டாரத்திலிருந்து எங்களிடம் வரும் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் சிகிச்சையைப் பற்றியதாக இருப்பதில்லை. "இது எதனால் வந்தது, டாக்டர்?" என்றே கேட்கிறார்கள். நோயாளி குழந்தையாகவோ இளைஞராகவோ இருந்தால், அந்தக் கேள்விக்குள் மற்றொரு கேள்வியும் இருக்கும்: "நாங்கள் என்ன தவறு செய்தோம்?" கருவுற்றிருந்தபோது உண்டதையும் உண்ணாததையும் தாய் எண்ணிப் பார்க்கிறார். கடையில் வாங்கிக் கொடுத்த தின்பண்டத்தைத் தந்தை எண்ணிப் பார்க்கிறார். சில வீடுகளில் பழி ஒருவர் தலையிலேயே விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் அது பெண்ணின் தலையாக இருக்கிறது.

பல நோய்களில் எங்களால் சொல்ல முடிந்த நேர்மையான விடை, "இது தானாகத் தோன்றியது" என்பதே. அந்த விடை பலருக்கு நிறைவளிப்பதில்லை. மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்றோ, சரியாகத் தேடவில்லை என்றோ எண்ணத் தோன்றுகிறது. ஆகவே, 'தானாகத் தோன்றியது' என்னும் சொல்லுக்கு மருத்துவத்தில் என்ன பொருள் என்பதை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம். இதற்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு சற்றே விசித்திரமானது. எந்த மருந்தும் நச்சும் கொடுக்கப்படாத ஓர் இளம் ஆய்வக எலியின் மண்ணீரலில், மிக அரிதாகத் தோன்றும் கட்டியே அது.

மண்ணீரல் என்னும் உறுப்பு

மண்ணீரல் நம் வயிற்றின் இடப்புற மேற்பகுதியில், ஒன்பதாவது முதல் பதினோராவது விலா எலும்புகளுக்கு அடியில் மறைந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் எடை ஏறத்தாழ 150 முதல் 200 கிராம். இயல்பான அளவில் இருக்கும்போது அது பொதுவாகக் கைக்குத் தட்டுப்படாது.

அதன் பணிகள் முதன்மையாக மூன்று. முதலாவது, முதுமையடைந்த சிவப்பணுக்களை வடிகட்டி அகற்றுவது. மனிதனின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது; எலியின் சிவப்பணுவின் ஆயுள் அதில் பாதியளவே. இரண்டாவது, இரத்தத்தில் நுழையும் கிருமிகளை, சிறப்பாக நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களைப் பிடித்து அழிப்பது. மூன்றாவது, உடலின் தட்டணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் இருத்தி வைப்பது.

மனிதருக்கும் எலிக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. மனிதரில் கருவாக இருக்கும் காலத்தில் மட்டுமே மண்ணீரல் இரத்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. பிறந்த பின் அப்பணியை எலும்பு மஜ்ஜை ஏற்றுக்கொள்கிறது. எலியின் மண்ணீரலோ வாழ்நாள் முழுவதும் சிறிதளவேனும் இரத்த அணுக்களைப் படைத்துக்கொண்டே இருக்கிறது. எலியில் கண்ட ஒன்றை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடலாகாது என்பதற்கு இது ஒரு காரணம்.

ஆய்வக எலியும் நம் குன்னூரும்

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வெள்ளை எலி நம் வயல்களிலும் வீடுகளிலும் திரியும் எலி அன்று. அது பழுப்பு எலியின் வழிவந்தது. பல தலைமுறைகளாக மனிதரின் பராமரிப்பிலேயே வளர்ந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனத்தில் 1906-ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்ட விஸ்டார் இனம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

இவ்வரலாற்றில் நம் மாநிலத்திற்கும் இடமுண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய உணவை உண்டவை நலிந்தன. அந்த ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அந்நிறுவனத்தின் விஸ்டார் எலிக் குடியிருப்பில் 1996-இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. பிற எலிகளுக்குக் கொடுத்த அதே தீவனத்தை உண்டு, அதே கூடத்தில் வளர்ந்த எலிகளுக்கிடையே, அளவுக்கு மீறிப் பருமனான எலி ஒன்று தென்பட்டது. யாரும் அதற்கு எதையும் செய்யவில்லை. அதன் மரபணுவில் தானாகவே ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. அந்த மாற்றத்தின் வழிவந்த எலிகள் இன்று உடற்பருமன் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. 'தானாக' என்னும் சொல்லின் பொருளை விளக்க இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் கிடைப்பது அரிது.

இளம் எலியில் கட்டி ஏன் அரிது?

ஆய்வக எலியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். இரண்டு மாத அளவில் அது பருவம் எய்துகிறது. ஒன்றரை ஆண்டு கடந்த முதிய எலிகளில் கட்டிகள் தோன்றுவது வியப்பன்று. பிட்யூட்டரிச் சுரப்பியிலும் மார்பகச் சுரப்பியிலும் அவை அடிக்கடி காணப்படுகின்றன. பிஷர் 344 என்னும் இனத்து முதிய எலிகளில், மண்ணீரலில் தொடங்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. அந்த இனத்தைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவந்த அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம், பின்னர் வேறு இனத்திற்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மூன்று, நான்கு மாத வயதுடைய எலியின் மண்ணீரலில் கட்டி தோன்றுவது மிக அரிது. மனிதக் கணக்கில் அது இளமைப் பருவம். அவ்வாறு தோன்றும்போது அது நிணநீர்த் திசுவிலிருந்தோ, இரத்த நாளங்களின் உட்சுவரிலிருந்தோ, மண்ணீரலைத் தாங்கிநிற்கும் இணைப்புத் திசுவிலிருந்தோ எழலாம். இரத்த நாள உட்சுவரில் எழும் கொடிய கட்டிக்கு ஆஞ்சியோசர்க்கோமா என்று பெயர். முதிய நாய்களின் மண்ணீரலில் இது பரவலாகக் காணப்படும் நோய். எலியிலும் மனிதரிலும் அரிது. மனிதரில் இதனை 1879-இல் லாங்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய நோயியல் அறிஞர் முதலில் விவரித்தார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது.

'தானாக' என்றால் என்ன?

ஆய்வக எலி வாழும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதன் தீவனம் அளந்து கொடுக்கப்படுகிறது. குடிநீர் தூய்மையாக்கப்படுகிறது. அறையின் வெப்பமும் ஈரப்பதமும் குறித்த அளவில் வைக்கப்படுகின்றன. பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருள். அது புகை பிடிப்பதில்லை, மது அருந்துவதில்லை, வெளியில் உண்பதில்லை. அருகிலுள்ள கூண்டுகளில் அதே இனத்து எலிகள் அதே வாழ்வை வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் கட்டி தோன்றுகிறது.

காரணம் உயிரணுக்களின் இயல்பிலேயே உள்ளது. ஒவ்வோர் உயிரணுவும் பிளந்து இரண்டாகும்போது தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. மனிதரின் டி.என்.ஏ.வில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. எலியிலும் எண்ணிக்கை அதற்கு அருகிலேயே உள்ளது. இத்தனை எழுத்துகளைப் படியெடுக்கையில் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகளை உயிரணுவே திருத்திவிடுகிறது. திருத்தப்படாத பிழைகளுள் பெரும்பகுதி எத்தீங்கும் செய்வதில்லை. மிக அரிதாக, உயிரணுவின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவிலேயே பிழை அமைந்துவிடுகிறது. அத்தகைய பிழைகள் ஒரே உயிரணுவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது கட்டி உருவாகலாம். வயது கூடக் கூடப் புற்றுநோய் மிகுவதற்கு இந்தச் சேர்க்கையே முதன்மையான காரணம். இளமையில் அது நேர்வது அரிதெனினும் இயலாதது அன்று.

ஆகவே, 'தானாகத் தோன்றியது' என்று நாங்கள் சொல்லும்போது அதன் பொருள் இதுவே: புறத்திலிருந்து வந்த காரணம் எதனையும் தேடியும் காண முடியவில்லை, உயிரணுப் பிளவின் இயல்பான பிழையே இதற்குப் போதுமான விளக்கமாகும். யாரோ ஒருவர் செய்த தவற்றைப் பெயர் சொல்லாமல் சுட்டும் சொல் அன்று அது.

நோயியல் அறிஞர் கேட்கும் ஐந்து கேள்விகள்

இப்போது ஒரு நிலைமையைக் கற்பனை செய்வோம். மூலிகைச் சாறு ஒன்றின் பாதுகாப்பை அறிய 90 நாள் ஆய்வு நடக்கிறது. பன்னாட்டு நெறிமுறைப்படி எலிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு குழுவிலும் பத்து ஆண், பத்துப் பெண். ஒரு குழுவுக்குச் சாறு கொடுக்கப்படுவதில்லை. அது ஒப்பீட்டுக் குழு. மற்ற மூன்றுக்கும் குறைந்த, நடுத்தர, மிகுந்த அளவுகளில் சாறு கொடுக்கப்படுகிறது. ஆய்வின் முடிவில் நடுத்தர அளவுக் குழுவின் ஒரே ஓர் எலிக்கு மண்ணீரலில் கட்டி இருப்பது தெரிகிறது. மூலிகை குற்றவாளியா?

நோயியல் அறிஞர் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. அவர் கேட்கும் கேள்விகள் இவை:

1. எத்தனை எலிகளுக்கு வந்தது? ஒன்றுக்கா, பலவற்றுக்கா?
2. அளவு கூடக் கூட நோயும் கூடியதா? மிகுந்த அளவு பெற்ற குழுவில் ஒன்றுக்கும் வரவில்லை எனில், மூலிகையின் மீதான ஐயம் குறைகிறது.
3. பிற எலிகளின் மண்ணீரலில் கட்டிக்கு முந்தைய மாற்றங்கள் ஏதேனும் உண்டா? வீக்கம், தழும்பு, இரும்புப் படிவு போன்றவை தென்படுகின்றனவா?
4. கால அளவு பொருந்துகிறதா? மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பெரிய கட்டி இருந்தால், அது முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.
5. எதுவும் கொடுக்கப்படாத எலிகளில் இதற்கு முன் இத்தகைய கட்டி பதிவாகியுள்ளதா?

ஐந்தாவது கேள்விக்கு விடையளிக்கவே, தானாகத் தோன்றிய அரிய கட்டிகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறார்கள். ஒப்பீட்டுக் குழுவின் இளம் எலி ஒன்றுக்கு முன்பு இதே கட்டி வந்தது என்னும் பதிவு இருந்தால், குற்றமற்ற மூலிகை பழியிலிருந்து தப்பும். அதே பதிவேடு, இத்தகைய கட்டி எவ்வளவு அரிது என்பதையும் காட்டும். எனவே ஒரே ஆய்வில் மூன்று, நான்கு எலிகளுக்கு வந்தால் அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது.

விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவது குறித்துச் சிலருக்கு மனவருத்தம் இருக்கலாம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு இவ்வாய்வுகளைக் கண்காணிக்கிறது. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் அளிக்காமல் ஆய்வைத் தொடங்க இயலாது. இழந்த உயிரிலிருந்து கற்க வேண்டியதை முழுமையாகக் கற்பதும் அந்நெறியின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

காரணம் இருந்தால் அது தடம் பதிக்கும்

எல்லாக் கட்டிகளும் தானாகத் தோன்றுவன என்று நாங்கள் சொல்லவில்லை. புறக்காரணம் ஒன்று உண்மையிலேயே இருந்தால் அது பலரிடம் தடம் பதிக்கும்.

சாயத் தொழிலில் பயன்படும் அனிலின் என்னும் வேதிப்பொருளை எடுத்துக்கொள்வோம். 1978-இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், அனிலின் கலந்த தீவனத்தை உண்ட எலிகளின் மண்ணீரலில் சர்க்கோமாக் கட்டிகள் தோன்றின. ஆண் எலிகளில் அவை மிகுதி. அதே ஆய்வில் சுண்டெலிகளுக்கு அவ்வாறு வரவில்லை. எலிகளில் அனிலின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. சிதைந்தவற்றை அகற்றும் பணியால் மண்ணீரல் வீங்குகிறது, இரும்பு படிகிறது, தழும்புகள் உண்டாகின்றன, அதன் பின்னரே கட்டி. ஒவ்வொரு படியும் நுண்ணோக்கியில் தெரிகிறது.

மற்றொன்று பி.வி.சி. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு வாயு. இத்தாலியின் மால்டோனி 1970-களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வுகளில், இவ்வாயுவைச் சுவாசித்த எலிகளின் கல்லீரலில் ஆஞ்சியோசர்க்கோமா தோன்றியது. 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரே ஆலையின் தொழிலாளர் சிலருக்கு அதே அரிய நோய் வந்திருந்தது வெளிப்பட்டது. ஒரே ஆலை, ஒரே வாயு, ஒரே அரிய நோய், ஒன்றுக்கு மேற்பட்ட மனிதர்கள்: தடம் தெளிவாக இருந்தது. காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை அனுமதிக்கப்பட்ட அவ்வாயு, 1975 முதல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது.

இதனால்தான் நாங்கள் உங்கள் தொழிலைப் பற்றியும், குடும்பத்தில் வேறு எவருக்கேனும் புற்றுநோய் வந்துள்ளதா என்பதைப் பற்றியும் விரிவாகக் கேட்கிறோம். குழந்தைப் புற்றுநோய்களில் ஒரு சிறு பகுதிக்கு மரபுவழிக் காரணம் உண்டு. அதனைக் கண்டறிந்தால் உடன்பிறந்தோரைக் காக்க வழி பிறக்கும். காரணத்தைத் தேடுவது எங்கள் கடமை. தேடிய பின்னும் கிடைக்காதபோது ஒருவர் மீது அதைச் சுமத்தாதிருப்பதும் எங்கள் கடமையே.

மனிதரின் மண்ணீரல் பெரிதாவது

ஸ்கேனில் 'மண்ணீரல் வீக்கம்' என்று இருந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டா. மலேரியா, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல், காசநோய் ஆகிய தொற்றுகளில் மண்ணீரல் பெரிதாகலாம். கல்லீரல் சுருக்க நோயிலும், கல்லீரலுக்குச் செல்லும் இரத்த நாளத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் பெரிதாகும். தலசீமியா போன்ற இரத்த நோய்களிலும் அவ்வாறே. மண்ணீரலுக்குள் தெரியும் கட்டிகளிலும், நீர்க்கட்டிகளும் தீங்கற்ற இரத்தநாளக் கட்டிகளும் பல. கொடியவற்றுள் நிணநீர்ப் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் முதன்மையானவை.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயை இங்கே குறிப்பிட வேண்டும். பெரிதான மண்ணீரலே பலரிடம் இந்நோயின் முதல் அறிகுறி. சிறிது உண்டாலே வயிறு நிறைந்துவிடும். இடப்புறம் பாரமாக இருக்கும். 9, 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதே இந்நோயின் தொடக்கம். இவ்வாறு உருவாகும் சிறிய குரோமோசோம் 1960-இல் பிலடெல்பியா நகரில் கண்டறியப்பட்டது. அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானோரிடம் இந்நோய் மிகுந்தது உண்மை. ஆனால் எங்களிடம் வரும் நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் எக்காரணமும் கிடைப்பதில்லை. இது பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிள்ளைகளுக்குச் செல்வதும் அன்று. ஒரே தட்டில் உண்பதால் தொற்றுவதும் அன்று. அந்த எலியின் கட்டியைப் போலவே தானாகத் தோன்றியது.

காரணம் தெரியாத இந்நோய்க்குச் சிகிச்சை தெரியும் என்பதே நீங்கள் மறக்கக் கூடாத செய்தி. 2001-இல் பயன்பாட்டுக்கு வந்த இமாட்டினிப் மாத்திரை, முன்பு சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த இந்நோயை, நாள்தோறும் மாத்திரை உண்டு நெடுங்காலம் வாழக்கூடிய நோயாக மாற்றிவிட்டது.

"மூலிகை குடித்தார், கட்டி கரைந்தது"

குற்றால மலை மூலிகைகளுக்குப் பெயர் பெற்றது. இங்குள்ள பலருக்கு அவற்றின் மீது நம்பிக்கை உண்டு. சித்த மருத்துவத்தைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் நோயியல் அறிஞரின் ஐந்து கேள்விகளை நம் வீட்டிலும் கேட்கலாம்.

காய்ச்சலால் பெரிதான மண்ணீரல், அக்காய்ச்சல் நீங்கிய சில வாரங்களில் தானாகவே சுருங்கும். அந்த வாரங்களில் ஒருவர் கஷாயம் குடித்திருந்தால், கட்டியைக் கரைத்த புகழ் கஷாயத்திற்குப் போய்விடும். கஷாயம் குடிக்காத அடுத்த வீட்டாரின் மண்ணீரலும் சுருங்கியிருக்கும். அதை யாரும் பேசுவதில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத கதை இது. ஓர் எலிக்குக் கட்டி வந்ததால் மூலிகை குற்றவாளி ஆகாதது போலவே, ஒருவருக்கு வீக்கம் வடிந்ததால் மூலிகை மருந்தாகவும் ஆகிவிடாது.

இதில் உயிர் சார்ந்த இழப்பும் உண்டு. மைலாய்டு இரத்தப் புற்றுநோயோடு கஷாயத்தை மட்டும் நம்பிச் சில மாதங்களைக் கழிப்பவர், மாத்திரையால் எளிதில் கட்டுப்படும் நிலையைக் கடந்துவிடக் கூடும். நீங்கள் எதை உட்கொண்டாலும் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். கல்லீரலையோ தட்டணுக்களையோ அது பாதிக்கிறதா என்று பார்க்கவே கேட்கிறோம்.

குற்றாலத்திற்குச் செல்வோர் கவனத்திற்கு

சாரல் காலத்தில் உறவினர் வந்தால், அனைவரும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பது நம் ஊர் வழக்கம். பெரிதான மண்ணீரல் விலா எலும்பின் காப்பைவிட்டுக் கீழே இறங்கியிருக்கும். அதன் உறை மெலிந்திருக்கும். வயிற்றில் அழுத்தித் தேய்த்தாலோ, பேரருவியின் நீர்வேகம் நேரே வயிற்றில் விழுந்தாலோ, வழுக்கிப் பாறையில் மோதினாலோ அது கிழிந்து உள்ளே இரத்தம் கசியலாம். ஆகவே மண்ணீரல் பெரிதானவர்கள் வயிற்றில் மசாஜ் செய்துகொள்ள வேண்டா. அருவியின் அடியில் நிற்க வேண்டா. வீட்டில் வெந்நீரில் குளிப்பதற்குத் தடையில்லை.

இடப்புற மேல்வயிற்றில் திடீர் வலி, இடத் தோள்பட்டையின் நுனியில் வலி, மயக்கம், வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை தோன்றினால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

அரிய நோயும் உங்கள் ஒப்புதலும்

சில வேளைகளில் நாங்கள் உங்களிடம், "உங்கள் நோய் அரிதானது, அதனை மருத்துவ இதழில் பதிவு செய்ய ஒப்புதல் தருவீர்களா?" என்று கேட்போம். உங்கள் பெயரோ முகமோ அதில் வெளியாகாது. மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது. ஓர் இளம் எலியின் பதிவு வேறோர் ஆய்வகத்தின் குழப்பத்தைத் தீர்ப்பது போல, உங்கள் பதிவு தொலைவிலுள்ள ஒரு மருத்துவருக்கு, உங்களைப் போன்றே துயருறும் மற்றொருவரை இனங்காண உதவும்.

மேல்சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்திற்கோ, வேறு மருத்துவமனைக்கோ செல்வோர் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் செல்லாமல், திசு ஆய்வின் கண்ணாடித் தகடுகளையும் மெழுகில் பதித்த திசுத் துண்டையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அரிய கட்டிகளில் இரண்டாவது கருத்து, சிகிச்சையையே மாற்றக் கூடும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• மண்ணீரல் வீக்கம் எல்லாம் புற்றுநோய் அன்று. இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரத்தப் படலப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் ஆகியவை முதற்படிகள்.

• சிறிது உண்டாலே வயிறு நிறைதல், இடப்புறப் பாரம், காரணமற்ற எடைக்குறைவு, இரவு வியர்வை, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் ஆகியவை இருந்தால் காலம் தாழ்த்தாதீர்கள்.

• மண்ணீரலை அகற்றும் அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டால், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அகற்றிய பின் வாழ்நாள் முழுவதும், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும்.

• தட்டணுக்கள் குறைந்திருந்தால் வலிமாத்திரைகளை நீங்களாக வாங்கி உண்ணாதீர்கள்.

• நோய்க்குக் காரணம் தேடும் பொறுப்பை எங்களிடம் விடுங்கள். வீட்டில் எவரையும் குற்றவாளியாக்காதீர்கள்.

அளந்த தீவனமும் தூய நீரும் பெற்று, ஒரு குறையுமின்றி வளர்ந்த எலிக்கும் கட்டி வரலாம் என்றால், அன்போடு ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு நோய் வந்ததற்குத் தாயின் கைச்சோற்றைக் காரணம் காட்டுவது அறிவுடைமை ஆகாது. அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, "எதனால் வந்தது?" என்று தாராளமாகக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்வோம். அதனோடு, "இனி என்ன செய்ய வேண்டும்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விரிவான விடை சொல்ல எங்களிடம் நேரமும் வழிகளும் உள்ளன.